முகக்கவசத்தின் அளவும் மூளையின் அளவும்

அனுப்புநர்
முன்னணித் தீயணைப்பாளர் (பெண்),
இரண்டாம் பிரிவு,
ஆலைச் சாலை தீயணைப்பு மீட்பு நிலையம்.
(தற்போது அதே நிலையத்தின் தொலைபேசி மேசையில்)

பெறுநர்
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
தீயணைப்பு மீட்புத் துறை,
தலைமை அலுவலகம்.

பொருள்: மெத்தைக் கிடங்குத் தீ விபத்து – பெண் பணியாளர்களின் “இயல்பான பதற்றமே” காரணம் என்ற விசாரணை முடிவை நீக்கவும், முகக்கவசங்களின் அளவு குறித்து மறுவிசாரணை நடத்தவும் கோருதல் – தொடர்பாக.

பார்வை: மேற்படி விபத்து குறித்துத் துணை இயக்குநர் (கொள்முதல்) அவர்கள் அளித்த விசாரணை அறிக்கை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்த மனுவை இதற்குமுன் இருமுறை எழுதிக் கிழித்துவிட்டேன். மேலதிகாரிக்கு எழுதும் மொழியாக அவை இல்லை என்று என் வீட்டுக்காரர் சொன்னார். இம்முறை என்னால் இயன்ற பணிவோடு எழுதுகிறேன். எங்காவது பணிவு குறைந்திருந்தால் அதைத் தனியாக விசாரித்துக்கொள்ளலாம். மனுவில் உள்ள செய்தியை முதலில் பார்க்கும்படி வேண்டுகிறேன்.

1. மெத்தைக் கிடங்கு தீப்பிடித்த அன்று உள்ளே சென்ற இருவரில் நான் ஒருத்தி. மற்றவர் என் பிரிவைச் சேர்ந்த பெண் தீயணைப்பாளர். நிலையத்தில் அவரை எல்லோரும் ‘அரைப்படி’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் குள்ளம், முகமும் சிறியது. யாரோ கேலிக்கு வைத்த பெயர். அவரோ அதைத் தன் தலைக்கவசத்தின் உள்பக்கம் வெள்ளைப் பெயின்டில் எழுதிவைத்துக்கொண்டார். அதற்கப்புறம் கேலி செய்தவர்களுக்கு அதில் சுவை போய்விட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது. நாங்கள் இருவரும் ‘வாடி, போடி’ என்று பேசிக்கொள்பவர்கள். மனு என்பதால் இங்கே ‘அவர்’ என்று எழுதுகிறேன்.

2. விசாரணை அறிக்கையின் முடிவுரை இது: “உட்புகுந்த இருவரும் பெண்களாக இருந்தமையால், இக்கட்டான சூழலில் திசையறியும் ஆற்றலும் உடனடியாக முடிவெடுக்கும் ஆற்றலும் இயல்பாகவே குறைந்து, பதற்றத்தில் வேகமாக மூச்சு வாங்கியதால் காற்று சிலிண்டர் உரிய நேரத்துக்கு முன்பே தீர்ந்துள்ளது. கருவியில் குறைபாடு இல்லை. இனிவரும் காலங்களில் பெண் பணியாளர்களை உட்புகும் குழுவில் சேர்க்க வேண்டியதில்லை.” இந்த வரிகளால் அரைப்படி தன் தவறால் தானே காயம்பட்டவர் ஆகிவிட்டார். நான் தொலைபேசி எடுப்பவள் ஆகிவிட்டேன். துறையின் மற்ற நிலையங்களில் இருக்கும் பெண்களும் ஒருவர் பின் ஒருவராக வண்டியிலிருந்து இறக்கப்பட்டு வருகிறார்கள்.

3. ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபாடே கிடையாது என்று வாதாட நான் வரவில்லை. வேறுபாடு உண்டு என்று இந்தத் துறையில் முதலில் எழுதிக் கொடுத்தவள் நான்தான். என் முகம் ஆண்களின் முகத்தைவிடக் குறுகலானது, அரைப்படியின் முகம் அதைவிடக் குறுகலானது, எங்களுக்கு வழங்கப்பட்ட முகக்கவசங்கள் கன்னத்தோடு ஒட்டவில்லை, சிறிய அளவில் தாருங்கள் என்று கேட்டிருந்தேன். ஒரு முறை கேட்டு விட்டுவிடவில்லை. ஒவ்வோர் ஆண்டும் உபகரணங்களைச் சரிபார்க்கும் நாளில் கேட்டேன்.

4. புகைக்குள் போகாதவர்களும் இந்த மனுவைப் படிக்கக்கூடும் என்பதால் ஒன்றை விளக்குகிறேன். எங்கள் முகக்கவசத்துக்குள் காற்று எப்போதும் வெளியே இருப்பதைவிடச் சற்று அழுத்தமாக இருக்கும். விளிம்பில் இடைவெளி இருந்தால் புகை உடனே உள்ளே வராது. உள்ளே இருக்கும் காற்று வெளியே கசியும். சரியாக மூடாத குழாயில் தண்ணீர் போவதுபோல் முதுகில் சுமக்கும் சிலிண்டரிலிருந்து காற்று போய்க்கொண்டே இருக்கும். அணிந்திருப்பவர் நிதானமாக மூச்சுவிட்டாலும் போகும், மூச்சையே பிடித்துக்கொண்டாலும் போகும்.

5. துணை இயக்குநர் (கொள்முதல்) அவர்கள் எங்கள் நிலையத்தைப் பார்வையிட வந்தபோது இதைச் செய்து காட்டினோம். அரைப்படி கவசத்தை மாட்டிக்கொண்டார். அவருடைய கன்னத்தருகே துணை இயக்குநர் அவர்களின் கையை வைக்கச் சொன்னேன். காற்று சீறுவது கைக்குத் தெரிந்திருக்கும். அவர் கையை எடுத்துக்கொண்டு சிரித்தபடி சொன்னார்: “ஆம்பளைக்கு ரெண்டு கண்ணு, ஒரு மூக்கு. உங்களுக்கும் அதேதானம்மா? முகத்துல என்ன பெரிய வித்தியாசம்? சரிசமம் வேணும்னு கேட்டு வேலைக்கு வந்துட்டு, மாஸ்க்குக்கு மட்டும் நாங்க வேறன்னா எப்படி? பட்டையை நல்லா இழுத்துக் கட்டுங்க.”

இழுத்துக் கட்டினோம். நெற்றிப் பொட்டில் தடிப்பு விழுந்ததுதான் மிச்சம். பட்டை கவசத்தைப் பின்னால் இழுக்குமே தவிர அதன் சட்டத்தைச் சிறிதாக்காது.

6. கவசம் சிறிதாக இருந்தால் என்ன ஆகும் என்பதும் துறைக்குத் தெரியாத செய்தியல்ல. ஒருமுறை ஒரு நிறுவனத்தின் விற்பனையாளர் பல அளவுகளில் மாதிரிக் கவசங்களைக் கொண்டுவந்தார். பயிற்சிக் கூடத்தில் புகை மூட்டி எங்களை உள்ளே அனுப்பினார்கள். அன்று அரைப்படி ஆகச் சிறிய கவசத்தை அணிந்திருந்தார். எல்லோரும் ஒரே தூரம் தவழ்ந்து, ஒரே பொம்மையை இழுத்து வந்தோம். வெளியே வந்தபோது சிலிண்டரில் அதிகக் காற்று மிச்சம் இருந்தது அவருக்குத்தான். உடம்பு சிறியது, நுரையீரலும் சிறியது, காற்றும் குறைவாகத்தான் செலவாகும். இதுவும் ஒரு வேறுபாடுதான். இது எங்களுக்குச் சாதகமான வேறுபாடு என்பதால் எந்த அறிக்கையிலும் இடம்பெறவில்லை. விற்பனையாளர் அந்தக் கவசத்தைத் துடைத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டி எடுத்துக்கொண்டு போனார். அரைப்படி வாசல்வரை அவர் பின்னாலேயே போனார். “சார், மறுபடி எப்போ வருவீங்க?” என்று கேட்டார். ஆர்டர் வந்தால் வருவேன் என்று அவர் சொன்னார். ஆர்டர் போகவில்லை.

7. தீ உடுப்பின் கதையையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். என் மேலங்கியின் கை என் விரல்நுனியையும் தாண்டித் தொங்கியது. என் வீட்டுக்காரர் தையல்காரர். அவர் தோளைப் பிரித்துக் குறுக்கித் தைத்துக் கொடுத்தார். அரசு உடுப்பைச் சேதப்படுத்தியதாக எனக்கு மெமோ வந்தது. தீத்தடுப்புத் துணியில் ஊசி போடக்கூடாது என்பது சரியே, மெமோவை ஏற்றுக்கொண்டேன். “தோளை நான் குறைச்சிட்டேன். உன் முகத்துக்கு எங்க போய்த் தையல் போடுறது?” என்று அவர் அன்று கேட்டார். அப்போது இருவரும் சிரித்தோம்.

8. அடுத்து, மேற்படி வேறுபாடு குறித்துத் துறையே நடத்திய விவாதம். ஆண்டுப் பயிற்சி வாரத்தின் கடைசி நாளில் “ஆண் பெண் திறன் வேறுபாடு பெரிதா, சிறிதா?” என்று தலைப்பு வைத்து, பெரிது என்று பேச மூவரையும் சிறிது என்று பேச மூவரையும் நிறுத்தினார்கள். சிறிது என்று பேச எனக்கு உத்தரவு. தலைவர் நாற்காலியில் இருந்தவர் அதே துணை இயக்குநர் அவர்கள்.

முதலில் திரையில் படங்கள் காட்டினார்கள். ஓர் உருவத்தை மனத்துக்குள் திருப்பிப் பார்க்கும் சோதனையில் ஆண்களின் சராசரி சற்று மேலே இருந்தது. சொற்களை நினைவில் வைக்கும் சோதனையில் பெண்களின் சராசரி சற்று மேலே இருந்தது. இரண்டு குன்றுகளைப் போல அந்தக் கோடுகள் ஏறி இறங்கின. குன்றுகளின் பெரும்பகுதி ஒன்றன்மேல் ஒன்று படிந்தே கிடந்தது. படம் காட்டியவர் கையிலிருந்த குச்சி இரண்டு உச்சிகளையும் மாற்றி மாற்றித் தொட்டது. படிந்து கிடந்த பகுதிக்கு அது வரவேயில்லை.

பெரிது என்று பேசியவர்களில் எங்கள் நிலையத்துத் தீயணைப்பாளர் ஒருவர் இருந்தார். நெட்டையாக, ஒல்லியாக இருப்பார் என்பதால் ‘ஒட்டடைக்கம்பு’ என்பது அவர் பெயர். நன்றாகப் பேசுவார். “என் வீட்டுக்காரி வலது பக்கம் திரும்புங்கன்னு சொன்னா நான் இடது பக்கம் திரும்புவேன். சரியா வீடு வந்து சேர்ந்துடுவேன்” என்றார். அரங்கம் அதிர்ந்தது. கீழே உட்கார்ந்திருந்த அரைப்படி எழுந்து, “அப்படியும் வீடு வந்து சேருறீங்கல்லண்ணே? அப்போ அவங்க உங்களை நல்லாப் புரிஞ்சு வச்சிருக்காங்க” என்றார். அரங்கம் இன்னும் அதிகமாக அதிர்ந்தது. ஒட்டடைக்கம்பும் சேர்ந்து சிரித்தார்.

என் முறை வந்தபோது நான் இவ்வளவுதான் சொன்னேன். தோள் வலுவில் வேறுபாடு பெரிது, ஒத்துக்கொள்கிறேன். எங்கள் பிரிவில் பெரும்பாலான ஆண்கள் என்னைவிட அதிகம் தூக்குவார்கள். அதனால்தான் எனக்கு ஆளைத் தரையோடு இழுக்கும் இழுவைப் பட்டை இருக்கிறது. முகத்தின் அளவில் வேறுபாடு உண்டு, அதற்கேற்ற கவசம் வேண்டும். மூளையைப் பற்றி எனக்குத் தெரியாது. வேலையில் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

தலைவர் தீர்ப்புச் சொன்னார். பெண்கள் வேறுதான், வேறாக இருப்பதே அழகு, இந்த மகிழ்ச்சியான வேளையில் மாஸ்க் பற்றியெல்லாம் பேச வேண்டாம். பேசிய எல்லோருக்கும் ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் பரிசாகக் கொடுத்தார்கள்.

9. விபத்து நடந்தது ஒரு பிற்பகல். மணி அடித்ததும் ஆலைச் சாலையின் கடைசித் தெருவுக்குப் போனோம். கீழே மெத்தைகள் அடுக்கிய கிடங்கு, மேலே சுமை ஏற்றுபவர்கள் ஓய்வெடுக்கும் அறை. ஒருவர் மேலே தூங்கப் போனார், இறங்கவில்லை என்று வெளியே நின்றவர்கள் கத்தினார்கள். கருவிகளை மாட்டி முதலில் தயாரானது நானும் அரைப்படியும். நிலைய அலுவலர் எங்களை உள்ளே அனுப்பினார். ஒட்டடைக்கம்பும் இன்னொருவரும் தண்ணீர்க் குழாயுடன் வாசலைப் பிடித்துக்கொண்டார்கள். நிலைய அலுவலரின் உத்தரவில் எந்தத் தவறும் இல்லை.

10. மெத்தைப் பஞ்சு எரியும் புகை கறுப்பு. கையைக் கண்ணருகே கொண்டுவந்தாலும் தெரியாது. சுவரில் ஒரு கை, முன்னால் போகிறவரின் காலில் ஒரு கை. இதுதான் எங்கள் திசையறியும் ஆற்றல். ஆண்களுக்கும் அங்கே இதுதான். வலது சுவரை விடாமல் படியேறி, அறைக்குள் போய், கதவோரம் கிடந்த ஆளைக் கண்டுபிடித்தோம். பெரிய உடம்பு. தோளுக்கடியில் இழுவைப் பட்டையைக் கோத்து இழுத்தோம். அவர் பாதி நினைவில் முனகிக்கொண்டிருந்தார். “யோவ், என்னய்யா சாப்பிடுற நீ? காலையாவது கொஞ்சம் உதறுய்யா” என்று அரைப்படி திட்டியது கவசத்துக்குள்ளிருந்து எனக்குக் கேட்டது. பதற்றத்தில் நிதானம் இழந்தவர் பேசிய பேச்சு இது என்பதைத் தாங்கள் கவனத்தில் கொள்ள வேண்டும்.

11. படியில் இறங்கத் தொடங்கியபோதே அரைப்படியின் சிலிண்டரில் விசில் கேட்டது. காற்று குறைந்தால் ஊதும் விசில். அது ஊத வேண்டிய நேரம் வெகு தூரத்தில் இருந்தது. என் கவசமும் கசிந்தது. ஆனால் அவருடையதைப் போல் அவ்வளவு இல்லை. நான் வாக்கி டாக்கியில் சொன்னேன். அவர் அந்த ஆளை விட்டுவிட்டு ஓடியிருக்கலாம். விதிப்படி வெளியேறவும் வேண்டும். அவர் பட்டையை விடவில்லை. “பேசாம இழுடி, காத்து வீணாப் போகுது” என்றார்.

கீழ்ப்படிக்கு வரும்போது அவருக்குக் காற்று முழுவதுமாக நின்றுவிட்டது. கவசம் முகத்தோடு உறிஞ்சிக்கொண்டது. அத்தனை ஆண்டுகளில் அந்தக் கவசம் அவர் முகத்தோடு சரியாக ஒட்டிய ஒரே நேரம் அதுதான், ஐயா.

எங்கள் கருவிகளில் இன்னொருவருக்குக் காற்று பகிரும் இரண்டாவது குழாய் கிடையாது. என் கவசத்தைக் கழற்றி அவர் முகத்தில் வைக்கப் போனேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள். மன்னிக்கவும். அவர் என் கையைத் தட்டிவிட்டு, கீழே கிடந்த ஆளை என் பக்கம் தள்ளினார். பிறகு தன் கவசத்தைப் பிய்த்தெடுத்தார். இரண்டு மூச்சுக்குமேல் நிற்கவில்லை, சுவரோடு சரிந்துவிட்டார்.

12. என் கையில் ஒரு பட்டை இருந்தது. தரையில் இரண்டு பேர் கிடந்தார்கள். நான் பட்டையில் இருந்தவரை இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். எதற்காக அவரை, ஏன் உன் தோழியை விட்டாய் என்று விசாரணையில் என்னைக் கேட்டார்கள். அதற்கு எனக்கு வேறு விளக்கம் தெரியாது. அந்த வேலைக்குத்தான் உள்ளே போனோம்.

வாக்கி டாக்கியில் நான் கத்தியதைக் கேட்டு ஒட்டடைக்கம்பு குழாயைப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்துவிட்டு உள்ளே பாய்ந்தார். அரைப்படியைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். என்னால் அப்படித் தூக்கி வந்திருக்க முடியாது. அந்த வேறுபாட்டை நான் மறுக்கவில்லை. அரைப்படி இன்று உயிரோடு இருப்பது அந்த வேறுபாட்டால்தான். ஆனால் அவர் தூக்கப்பட வேண்டிய நிலைக்கு வந்தது வேறொரு வேறுபாட்டால். அதைத்தான் அறிக்கை இல்லை என்கிறது.

13. விசாரணை அதிகாரியாகத் துணை இயக்குநர் (கொள்முதல்) அவர்களையே நியமித்தார்கள். அந்தக் கவசங்களை வாங்கியவர் அவர். வேறு அளவு தேவையில்லை என்று எங்கள் கோரிக்கையைத் திருப்பி அனுப்பியவர் அவர். கருவியில் குறைபாடு உண்டா என்று தன்னையே கேட்டுக்கொண்டு, இல்லை என்று தனக்கே பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். இதற்குமேல் இது குறித்து எழுதினால் பணிவு கெடும்.

14. விசாரணையில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள் சில. அன்று மாதவிலக்கு நாளா? உள்ளே இருந்தபோது வீட்டு நினைப்பு வந்ததா? “சாதாரணமா வீட்ல கரப்பான்பூச்சி வந்தா யாரு அடிப்பீங்க?” இந்தக் கடைசிக் கேள்வியை எழுதிக்கொள்ள வேண்டாம் என்று குறிப்பெடுப்பவரிடம் சொல்லிவிட்டுத்தான் கேட்டார். நான் அடிப்பேன் என்று சொன்னேன். என் வீட்டுக்காரருக்குக் கரப்பான்பூச்சி என்றால் பயம். அதையும் எழுதிக்கொள்ளவில்லை.

கேட்கப்படாதவையும் உண்டு. கவசம் கசிந்ததா என்று கேட்கவில்லை. அரைப்படி அணிந்திருந்த கவசத்தைச் சோதனைக்கு அனுப்பவில்லை. கழுவி மீண்டும் அலமாரியில் வைத்துவிட்டார்கள். காப்பாற்றப்பட்ட சுமைத் தொழிலாளி தானாகவே நிலையத்துக்கு வந்து, “ரெண்டு பேரும் என்னைத் திட்டிக்கிட்டே இழுத்தாங்க சார், பயந்தவங்க யாராவது அப்படித் திட்டுவாங்களா?” என்று சாட்சி சொன்னார். புகையில் நினைவு தவறியவர் பேச்சை ஏற்க முடியாது என்று அனுப்பிவிட்டார்கள்.

15. அரைப்படி தன் அண்ணன் வீட்டில், மூன்றாம் மாடியில் இருக்கிறார். மருத்துவமனையிலிருந்து வந்தபின் அவரால் ஒரு மாடி தொடர்ந்து ஏற முடிவதில்லை. அவருடைய அண்ணி ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிப் போட்டிருக்கிறார். கீழ்வீட்டுக்காரர்கள் யாரும் அவற்றை எடுப்பதில்லை. அரைப்படி ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து உட்கார்ந்து வீடு போய்ச் சேருகிறார். குரலும் முன்போல் இல்லை. கரகரத்துப் பாதியில் நின்றுவிடுகிறது. பணிக்குத் தகுதியற்றவர் என்று அவருக்கு ஆணை தயாராகிறது. தன் தவறால் காயம்பட்டவர் என்பதால் பணியில் காயம்பட்டவருக்குரிய எதுவும் அவருக்குக் கிடையாது என்றும் சொல்கிறார்கள்.

அறிக்கையை நான்தான் அவருக்குப் படித்துக் காட்டினேன். இரண்டாம் மாடித் திருப்பத்து நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார், நான் படியில். முழுவதும் கேட்டுவிட்டுத் தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். “இங்க வித்தியாசமே இல்லையாம்.” பிறகு நெற்றியைத் தொட்டார். “நாலு விரல் மேல போனா மலையளவு வித்தியாசமாம். நடுவுல எந்த எடத்துல மாறுதுன்னு கேட்டுச் சொல்லுடி.” சிரிக்கப் போய் இருமல் வந்துவிட்டது. அண்ணி மேலிருந்து தண்ணீர் எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார். என்னைப் பார்த்து, “அவளைச் சிரிக்க வைக்காதீங்க” என்றார்.

அவருடைய கேள்வியை நான் தங்களிடம் அப்படியே வைக்கிறேன். துறையில் இந்த வேறுபாடு ரப்பரைப் போல் இருக்கிறது. கவசம் கேட்டால் சுருங்கிவிடுகிறது, பழி போட வேண்டுமென்றால் நீண்டுவிடுகிறது. அதன் உண்மையான அளவு எவ்வளவோ, எனக்குத் தெரியாது. யார் வசதிக்கு அளக்கிறார்கள் என்பது மட்டும் தெரிகிறது.

16. இனி எழுதப்போவது விசாரணையில் வராத செய்தி. அறிக்கை வந்த பிறகு ஒருநாள் ஒட்டடைக்கம்பு என் வீட்டுக்கு வந்தார். என் வீட்டுக்காரர் தைத்துக்கொண்டிருந்த துணிகளை ஒதுக்கிவிட்டு உட்காரச் சொன்னார். உட்கார்ந்ததும் ஒட்டடைக்கம்பு சொன்னார்: “எனக்கும் ஒழுகுதும்மா.”

எது என்று கேட்டேன்.

“மாஸ்க். வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து. என் மூஞ்சியைப் பாரு, இதுல எங்க ஒட்டும்? என் சிலிண்டரும் எப்பவும் சீக்கிரமே தீர்ந்துடும். அதான் எப்பவும் வாசல்ல குழாயைப் பிடிச்சுக்குறேன்னு நானே கேட்டு வாங்கிக்குவேன்.”

ஏன் ஒருமுறைகூடச் சொல்லவில்லை என்று கேட்டேன். “நீங்க ரெண்டு பேரும் கேட்டுக்கிட்டே இருந்தீங்க. பொம்பளைங்க கேக்குற சின்ன மாஸ்க் எனக்கும் வேணும்னு நான் எந்த வாயால கேப்பேன்?” என்றார்.

எனக்கு வந்த கோபத்தைப் பற்றி மனுவில் எழுத இயலாது. அவர் ஒருவர் வாயைத் திறந்திருந்தால், ‘பெண்கள் கேட்கும் சலுகை’ என்பது அன்றே ‘கருவியின் குறை’ ஆகியிருக்கும். இதை அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன். அவர் மறுக்கவில்லை. கசியும் கவசத்தோடுதான் அன்று உள்ளே பாய்ந்திருக்கிறார் என்பது அப்புறம்தான் எனக்கு உறைத்தது. தன்னை இதில் இழுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு போனார்.

பிறகு அவராகவே அரைப்படியைப் பார்க்கப் போயிருக்கிறார். அங்கே என்ன பேசினார்கள் என்று இருவரும் சொல்லவில்லை. மறுநாள் தொலைபேசி மேசைக்கு வந்து, “எழுதிக்கோ. நானும் கையெழுத்துப் போடுறேன்” என்றார். ஆகவே ஆண்களில் குறுகலான முகம் உள்ளவர்களுக்கும் இந்தக் கவசம் கசிகிறது என்பதற்கு அவருடைய ஒப்பமிட்ட வாக்குமூலம் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. அவருடைய சிலிண்டர் சீக்கிரம் தீர்வதற்கும் பெண்ணின் இயல்பான பதற்றம்தான் காரணமா என்று துணை இயக்குநர் அவர்கள் விளக்க வேண்டும்.

17. ஆகவே தாங்கள் அருள்கூர்ந்து,

அறிக்கையில் எங்கள் இருவரின் அறிவையும் இயல்பையும் பற்றி எழுதப்பட்ட வரிகளை நீக்க வேண்டும்;

கவசங்களை வாங்கியவர் அல்லாத வேறோர் அதிகாரியைக் கொண்டு, அலமாரியில் உள்ள அந்தக் கவசத்தைச் சோதித்து, மறுவிசாரணை நடத்த வேண்டும்;

அரைப்படியைப் பணியில் காயம்பட்டவராக அறிவிக்க வேண்டும்; “தன் தவறு” என்ற சொல் அவருடைய ஆணையில் வரக்கூடாது;

பெண்களை உட்புகும் குழுவிலிருந்து விலக்கும் பரிந்துரையை நிறுத்திவைத்து, ஆணோ பெண்ணோ ஒவ்வொருவரின் முகத்தையும் அளந்து அதற்கேற்ற கவசம் வழங்க வேண்டும். தூக்க முடியாதவரைத் தூக்கும் தேர்வில் தோற்கடியுங்கள். வழி தெரியாதவரைப் புகைக்கூடத் தேர்வில் தோற்கடியுங்கள். அந்தத் தேர்வுகளில் வென்றுதான் நாங்கள் வந்தோம். தேர்வில் வென்றவரைச் சராசரியைக் காட்டித் தோற்கடிக்காதீர்கள்.

18. கடைசியாக ஒன்று. நேற்று முற்பகல் என் மேசைத் தொலைபேசி அடித்தது. பேசியது பயிற்சிப் பள்ளியிலிருந்து ஒரு பெண். பயிற்சி முடியப்போகிறதாம்; எங்கள் நிலையத்தில் நியமனம் ஆகியிருக்கிறதாம். குரலில் அவ்வளவு உற்சாகம். கூடத்தில் யாரோ அவளை அவசரப்படுத்துவது கேட்டது. “அக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். உங்க ஸ்டேஷன்ல பொண்ணுங்களை உள்ள அனுப்புவாங்கல்ல? சில எடத்துல வெளியவே நிக்க வச்சிடுறாங்களாம்” என்றாள். அவள் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. உன் முகம் சிறியதா, பெரியதா என்று கேட்க வாய் எடுத்தேன், கேட்கவில்லை. பெரிய அதிகாரியிடம் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன், பதில் வந்ததும் கூப்பிட்டுச் சொல்கிறேன் என்றேன். சரிக்கா என்று தன் எண்ணைக் கொடுத்தாள்.

அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு நான் என்ன சொல்ல வேண்டும் என்பதைத் தாங்கள் எழுத்து மூலம் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: ஆலைச் சாலை நிலையம்
நாள்: மார்ச் 14

இப்படிக்கு,
இன்னமும் தங்கள் துறையில் உள்ள,
(ஒப்பம்)
முன்னணித் தீயணைப்பாளர்

இணைப்பு: சக தீயணைப்பாளரின் வாக்குமூலம், சுமைத் தொழிலாளியின் வாக்குமூலம் (அவர் முழு நினைவோடு இருக்கும்போது பெறப்பட்டது).